மாடியைத் தொடும் வரை

மாமியார் நட்ட அழகுப் பனைக்கு இரண்டாவது மருமகள் தினமும் தண்ணீர் ஊற்றினாள், உரம் வைத்தாள். "மாமியார் மேல எவ்வளவு பாசம்!" என்று தெருவே மெச்சியது.

ஒருநாள், கன்றை விற்ற நர்சரிக்கே போய்விட்டாள்.

"வருஷம் ஒண்ணாச்சு அண்ணே, ஒரு சாண்கூட வளரலையே?"

"இந்த ரகம் மாடி உயரம் வர முப்பது வருஷமாகும்மா. என்ன அவசரம்?"

"இது மாடியைத் தொட்டதும் மூத்த மகன் வீட்டுக்கே திரும்பிடுறேன்னு அத்தை சொல்லியிருக்காங்க. என் மூத்த ஓரகத்திதான் ஆசையா கன்றை வாங்கிக் குடுத்து, அது வளர்ந்ததும் திரும்பி வாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க."

நர்சரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அவங்களா? இருக்கிறதிலேயே மெதுவா வளர்ற மரம்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்களே!"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"என் கொழுந்தன் புதுசா வீடு கட்டியிருக்கார். இதைவிட மெதுவா வளர்றது ஏதாவது இருக்கா அண்ணே?"