அட்டையின் மறுமுனை

பொலன்னறுவை இடிபாடுகளின் வாசலில் வெயில் கொளுத்துகிறது. மலையகத்தின் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேனில் வந்தவர்களிடம் டிக்கெட்டுக்காக அடையாள அட்டைகளை வாங்கி அடுக்குகிறான் வழிகாட்டி துஷாந்த். இந்திராதேவி மட்டும், மலைக்குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்குள் கையை விட்டு அட்டையை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். முன்பொருவன் பெயரைத் திருத்தித் தருவதாக வாங்கிப்போய்த் திரும்பவேயில்லை. புதியதற்கு நான்கு வருடம் அலைந்தாள். “குடுங்கக்கா, அட்டை இல்லேன்னா வெளிநாட்டுக்காரின்னு சொல்லி டாலர்ல காசு கேப்பாங்க.” “அப்புடிச் சொல்லித்தான் தம்பி எங்க தாத்தாவ இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துனாங்க.” பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. அவன் கையிலிருக்கும் அடுக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, தானே கவுண்டருக்குப் போய் அட்டையை நீட்டுகிறாள். உள்ளேயிருக்கும் அலுவலர் அதைப் பிடித்து இழுக்கிறார். மறுமுனையை அவள் விடவில்லை. அவர் மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து, அவள் பெருவிரலுக்கு மேலே தெரியும் பெயரைப் படிக்கிறார்.