நடந்துகொண்டே சொன்னது

ரயில் ஓட்டுநர் இருதயராஜால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு பெண் தண்டவாளத்தில் வந்து நின்று அவர் வண்டியில் அடிபட்டு இறந்த நாளிலிருந்து அப்படித்தான். மூன்றாவது வாரமாக, மனநல ஆலோசகர் பர்வீனின் அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"என் தப்பு இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க மேடம். நீங்க மட்டும் சொல்லவே மாட்டேங்கறீங்க."

"அவங்க சொன்னது உங்களுக்கு ஆறுதலா இல்ல போலிருக்கு."

அவர் நின்றார். "என் தப்புன்னு நான் நினைக்கவே இல்லயே. அவ மேல கோவம்தான் வருது. செத்தவ மேல போய்க் கோவப்படறேன். நான்லாம் மனுஷனா?"

பர்வீன் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தார்.

"இத்தனை நாளா இதை யார்கிட்டயும் சொல்ல முடியல, இல்லையா?" என்றார் பர்வீன்.

இருதயராஜ் மறுபடி நடக்கத் தொடங்கினார். ஜன்னலை எட்டுமுன் அவர் குரல் வந்தது.

"அவ என்னைப் பாத்தா மேடம். நேரா என் கண்ணைப் பாத்தா."