செவலைக்கு நல்ல சகவாசம்

"நாலு காம்புல ஒண்ணு அவுட். இதை இன்னும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்றார் கணவர்.

"உங்களுக்கும்தான் ரெண்டு முட்டியில ஒண்ணு அவுட். உங்களை நான் வெச்சுக்கலையா?" என்றாள் மனைவி.

கொட்டகையில் குனிந்து செவலையின் மடியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த மாட்டு டாக்டர், சிரிப்பை மறைக்க இருமினார்.

செவலை மனைவியின் மாடு. தாயில்லாத கன்றாக வந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். பக்கத்தில் நின்ற கறுப்பு வெள்ளை மாடு, கணவர் சந்தையில் நாள் முழுக்க அலைந்து வாங்கி வந்தது. அதற்கு மகாராணி என்று பெயரும் வைத்திருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் மனைவியை ஒருநாள்கூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பதினோரு மணிக்கு மாட்டு வியாபாரி வண்டியோடு வருகிறார். மடி சரியாகிவிடும் என்று டாக்டர் அடித்துச் சொன்னால் செவலை இங்கேயே இருக்கும். இல்லையென்றால் வண்டி ஏறிவிடும். அதுதான் இருவருக்கும் பேச்சு. இப்போது மணி பத்தரை.

டாக்டர் நான்கு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பீய்ச்சி, மருந்து ஊற்றி ஆட்டினார். மூன்று குழி அப்படியே இருந்தது. நான்காவது கஞ்சி மாதிரி கெட்டியானது.

"மறுபடியும் மடிவீக்கம்தான். போன தடவை நான் கொடுத்த மருந்துல குணமாச்சு இல்ல?"

"ஆச்சு டாக்டர். பத்தே நாள்ல திரும்ப வந்துடுச்சு."

"பால் எப்பக் குறையுது?"

"காலையிலதான்" என்றாள் மனைவி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "சாயங்காலம் ஓரளவு கறக்கறா. விடிஞ்சதும் போய் உக்காந்தா மடி வத்திக் கிடக்கு. ஆறு லிட்டர் கறந்தவ, இப்ப மூணுதான்."

"கேட்டீங்களா?" என்று கணவர் பிடித்துக்கொண்டார். "ராத்திரி பூரா நல்லாத் தின்னுட்டு, காலையில கையை விரிக்குது. கறக்கறது உழக்குப் பாலு, உதைக்கறது பல்லுப் போக."

"அவ யாரையும் உதைச்சதே இல்ல. வாய் கூசாமப் பொய் சொல்லாதீங்க."

"பழமொழின்னா முழுசாத்தான் சொல்லணும்" என்றார் கணவர்.

டாக்டர் காம்பின் நுனியைத் திருப்பிப் பார்த்தார். "இங்க தோல் உரிஞ்சிருக்கே. கறக்கும்போது உங்க நகம் படுதாம்மா?"

மனைவி இரண்டு கையையும் நீட்டினாள். நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

"இந்தப் பக்கம் பாருங்க டாக்டர்" என்று கணவர் மகாராணியின் முதுகில் தட்டினார். "அதே தீவனம், அதே தண்ணி. வந்தப்ப எட்டு லிட்டர், இப்ப பதினொண்ணு. மேனியைப் பாத்தீங்களா, கண்ணு பட்டுடும். நானும் இந்தச் செவலையைத் திருத்தத்தான் பாத்தேன். மூலையில தனியாக் கிடந்ததை இழுத்துட்டு வந்து மகாராணி பக்கத்துல கட்டினேன். நல்ல சகவாசம் இருந்தா நாலு நல்லதைக் கத்துக்கும்னு. எங்க? மரமண்டை."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருட வேலையில் மாட்டுக்கு டியூஷன் வைத்த ஆளை அவர் சந்தித்ததில்லை.

"மருந்து ஏத்தறேன்மா" என்றார் கடைசியில். "ஆனா ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு புரியல. புரியாம, சரியாயிடும்னு எப்படி அடிச்சுச் சொல்றது?"

மனைவி செவலையின் முன்னால் போய் நின்றாள். செவலையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள். "உனக்கு என்னடி குறை வெச்சேன்?" என்று கேட்டு அழுதாள். செவலை அவள் முந்தானையை நக்கியது. பக்கத்தில் மகாராணி சாதுவாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் ஹாரன் கேட்டது.

"ஒரு வாரம் பொறுங்களேன்" என்றாள் மனைவி.

"பேச்சுன்னா பேச்சு" என்றார் கணவர். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். டாக்டர் குழாயடியில் கை கழுவினார். கணவரும் வியாபாரியும் வண்டியின் பின்கதவைத் திறந்து, மாடு ஏறுவதற்குப் பலகையைச் சாய்த்தார்கள். அதற்குள் மகாராணியின் பதினோரு லிட்டர் பெருமையைக் கணவர் வியாபாரியிடமும் சொல்லி முடித்திருந்தார். மனைவி, கடைசியாக ஒரு வாய் குடிக்கட்டும் என்று தவிட்டுத் தண்ணீர் கலக்கினாள். கலக்கி முடிக்க மனம் வராமல் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

வியாபாரி கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் தனியாகத் திரும்பி வந்தார்.

"அண்ணே, பதினோரு லிட்டர்னு சொன்னீங்களே ஒரு மாடு. அதுக்கு என்ன வயசு?"

"அஞ்சு முடிஞ்சிடுச்சு. ஏன்? அது விக்கறதுக்கில்ல."

"இன்னும் பால்குடி மறக்கலையேண்ணே" என்றார் வியாபாரி.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். செவலையின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்து, கண்ணை மூடி, வாயோரம் நுரை தள்ள, சப்பிச் சப்பிக் குடித்துக்கொண்டிருந்தது மகாராணி.

"பலகையை எடுத்துடாதீங்க தம்பி" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மகாராணி கிளம்பறாங்க."