மூச்சின் அடியில்

ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் பிற்பகல். லோசேலியின் கழுத்து வழியே நுழைந்த மெல்லிய குழாய், இதயத்தின் வலப்பக்கத்தைத் தாண்டி, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தில் நிற்கிறது. அங்கிருக்கும் அழுத்தம் திரையில் மஞ்சள் கோடாக ஏறி இறங்குகிறது. சராசரி இருபதைத் தாண்டினால் நோய். தாண்டாவிட்டால், படியேறும்போது அவளுக்கு இளைப்பதை வீட்டில் சொல்வதுபோல் சோம்பல் என்றே விட்டுவிடுவார்கள். “மூச்சை முழுசா விட்டுட்டு அப்படியே இருங்க ஆன்ட்டி” என்கிறாள் டாக்டர் ஃபியோனா. டோங்கா தீவுக்காரர்களின் சர்ச்சில் நீண்ட சுரம் பிடித்துப் பாடிப் பழகிய அவள் வயிறு தானாக இறுக, கோடு எகிறுகிறது. “ஐயோ, பாடுற மாதிரி பிடிக்காதீங்க! வயித்தை இறுக்கினா நெஞ்சுக்குள்ளயும் அழுத்தம் கூடும். அப்புறம் கணக்கு பொய்யாயிடும்.” “சின்ன வயசுப் பழக்கம் டாக்டர், சும்மா விடத் தெரியல.” நீலத் துணிக்கடியில் அவள் தோள்கள் சரிகின்றன. அடுத்த மூச்சு பெருமூச்சாகவே வெளியேறுகிறது. அதன் முடிவில் எதையும் இறுக்கிப் பிடிக்க அவளிடம் தெம்பில்லை. கோடு தணிந்து ஒரே சீராக ஓடுகிறது. “முப்பத்தெட்டு. நிஜமான நோய்தான் ஆன்ட்டி.” லோசேலி கண்களை மூடிக்கொள்கிறாள். “வெளிய என் புருஷன் உட்கார்ந்திருக்கார். நான் சொன்னா நம்பமாட்டார். நீங்களே போய்ச் சொல்லிடுங்க.”