கிடாருக்குள் ஓர் ஊசி

பன்னிரண்டு மணிக்குள் பாட்டை அனுப்பியாக வேண்டும். ஒலிப்பதிவாளர் காலையிலிருந்து அதே எட்டு விநாடி கிடாரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார். எங்கோ ஒரு கீச்சு, காதில் ஊசி ஏற்றுவதுபோல் குத்துகிறது. ஒலியின் கனத்தையும் கூர்மையையும் திருத்தும் ஈக்யூவில் அதைக் குறைத்தால், பின்னால் சோபாவில் டீ டம்ளரோடு சாய்ந்திருக்கும் அவருடைய மனைவியின் அண்ணன் துள்ளி எழுகிறார்; கிடாரை வாசித்தவர் அவர்தான். “உயிரே போச்சு மாப்ள! போர்வைக்குள்ள வாசிச்ச மாதிரி இருக்கு.” பழையபடி வைத்தால் மறுபடியும் ஊசி. “எங்க குத்துது? எனக்கு ஒண்ணும் தெரியலையே!” ஒலிப்பதிவாளர் பல்லைக் கடிக்கிறார். இன்று காட்டியே தீருவது என்று ஒரு குறுகலான அலைவரிசையை மட்டும் உச்சத்துக்கு ஏற்றி, குமிழை மெல்ல மெல்லத் திருப்பித் தேடுகிறார். நாலாயிரம் ஹெர்ட்ஸில் அகப்படுகிறது. அவருடைய தோள் காதுவரை ஏறுகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது. “இதுதான்! கேக்குதா மச்சான்?” என்று கத்திக்கொண்டே திரும்புகிறார். மச்சான் டம்ளரை நெஞ்சில் அணைத்து, கண்களை மூடி, இருபது வருஷம் மேடைமேடையாக டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே நின்று மந்தமாகிப்போன இடது காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்திருக்கிறார். “ஆகா, இதான் மாப்ள. இப்பதான் சரியா கேக்குது.” காலையிலிருந்து ஏறிய கோபத்துக்குப் போக இடமில்லை; குமிழைப் பிடித்த ஒலிப்பதிவாளரின் விரல்கள் அந்தக் கீச்சைக் குறைக்க மறுக்கின்றன.