பதில் வராத ஒலிப்பதிவு

“சாப்பிட்டாச்சா?” என்று காதோரம் கேட்டது அந்தக் குரல். ஆய்வாளர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, “ஆச்சு” என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

கேள்வி அவளுக்கானதல்ல. லாரி ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகள், பயிற்சி நேரம் முழுவதையும் வண்டிக்குள்ளேயே ஒலிப்பதிவு செய்து அரசுக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுச் சரிபார்ப்பது அவள் வேலை. சாத்திய அறை, மாட்டிய ஹெட்போன், திரும்பினால் பூட்டிய வீடு. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடும்.

அந்தப் பள்ளி வாத்தியாரின் குரல் மட்டும் வேறு. “கடவுளே, துணைக்கு வா” என்று தொடங்கும், “கண்ணாடியப் பாரு, கியரைக் குறை” என்று அதட்டும், நடுவில், “தண்ணி குடிச்சீங்களா?” என்றும் விசாரிக்கும். கொடுத்துவைத்த மாணவர் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் மாணவரின் பதில் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றோ, இன்ஜின் உறுமலுக்கு நடுவே குரல் சொன்னது: “முதுகு வலிக்கும். கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வாங்க.”

அவள் பதிவை நிறுத்தினாள். ஓடுகிற லாரியில் ஓட்டுகிறவர் எப்படி எழுந்து நடப்பார்? அப்படியென்றால் மாணவரே இல்லை; இன்ஜினை மட்டும் முடுக்கிவிட்டு, காலி இருக்கையோடு பேசிப் பொய்ப் பதிவு! இனி பள்ளியின் அனுமதி ரத்தாகும். அந்தக் குரலும் வராது. கனத்த மனத்தோடு அந்தப் பள்ளிக்கே புறப்பட்டாள்.

பயிற்சித் திடலில் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி இறங்கினாள். மறுபக்கம் நரைத்த தலையோடு வாத்தியார்.

“ஏம்மா, வாத்தியார் கேட்டா பதிலே சொல்ல மாட்டீங்களா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள் ஆய்வாளர்.

“ஸ்டியரிங்கைத் தொட்டா வாய்க்குப் பூட்டுன்னு அவரு சட்டம், மேடம்.”

“சாப்பிட்டாச்சான்னு கேட்டாக்கூடவா?”

“என்னையா? நல்லா கேட்டாரு! எனக்குத் திட்டு மட்டும்தான்.”

ஆய்வாளர் வாத்தியார் பக்கம் திரும்பினாள். “அப்ப யாரைக் கேட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா பள்ளியை மூட வேண்டியதுதான்.”

வாத்தியார் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். “நாள் பூரா ஒண்டியா உக்காந்து என் கத்தலைக் கேக்குறது நீங்கதானாம்மா?”

“ஆமா.”

“அப்ப உங்களைத்தாம்மா கேட்டேன்.”