நீக்கப்பட்ட ஹெடர்

பார்வையற்றோர் பள்ளி ஆசிரியை தமயந்தி, பிரெயிலில் அச்சிட உதவும் இலவச மென்பொருள் ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பிறரோடு சேர்ந்து பராமரித்து வந்தாள். பழைய கணினிகளில் அது ஓடுவதற்கான ஹெடர் கோப்பை நீக்கிவிட்டதாகக் குழுத்தலைவர் ரொசாரியோ தொலைபேசியில் சொன்னார்.

“இப்ப யாரும்மா அதை யூஸ் பண்றாங்க?”

“எங்க ஸ்கூல்ல ஒன்பது மெஷினும் அதை வச்சுத்தான் சார் ஓடுது.”

“ஒன்பது மெஷினுக்காக எல்லாரும் சுமக்க முடியுமா?”

“நீங்க இறக்கி வச்சுடுங்க சார். நான் தூக்கிக்கிறேன்.”

அந்த மென்பொருளை யாரும் நகலெடுத்துத் திருத்தலாம். அவள் முழுவதையும் நகலெடுத்தாள். நீக்கிய கோப்பை மீட்டு, அதை மென்பொருளோடு இணைக்கும் வரியை மறுபடி எழுதி ஓட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு பிழைகள் வந்தன.

தமயந்தி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு முதல் பிழையைத் திறந்தாள்.